தலையைக் கேட்டு வாங்குங்க!

கேள்வி: அண்ணாச்சி, கேரளத்துக் கோவளம் லைட்ஹவுஸ் பீச் பக்கம் ஒரு கடையில் ஐஸ் மேல் அடுக்கியிருந்த கலவா மீனைக் கைகாட்டினோம். ஒன்றரைக் கிலோ என்று நிறுத்து, காசு வாங்கி டோக்கன் தந்தார்கள். நம்பர் கூப்பிட்டதும் கவுண்டரில் போய் வாங்கினால், தட்டில் பாதி மீன்கூட இல்லை. ஏமாந்துவிட்டோமா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: தட்டைப் பார்க்காமல் யாரையும் கள்ளன் என்று சொல்லமாட்டேன் தங்கச்சி. கலவா தலை பெருத்த மீன். அங்கே நிறுப்பது முழு மீனை. தலை, குடல், செதில் கழிந்து, பொரிக்கும்போது தண்ணீரும் வற்றினால் தட்டு அப்படித்தான் இருக்கும். நெய்மீன், அதான் வஞ்சிரம், என்றால் இவ்வளவு கழிவு வராது. தலையோடு நிறுத்த இறாலை உரித்தால் ஏறக்குறைய பாதிதான் தேறும். நண்டில் ஓட்டுக்குத்தான் பெரும்பங்கு காசு. கையில் உள்ள காசுக்கு வயிறு நிறையணும் என்றால் கணவாயைக் கைகாட்டுங்க.

எனக்கு வருத்தமெல்லாம் அந்தத் தலை எங்கே போச்சு என்பதுதான்! அது நீங்க காசு கொடுத்த தலை. குடம்புளி போட்டுக் கறி வைத்துத் தரச் சொல்லி, மரச்சீனிக் கிழங்கோடு (மரவள்ளி) அடித்திருக்கலாம்.

அடுத்த தடவை டோக்கன் போடும் முன்னாலேயே கேளுங்க: கிலோ விலை முழு மீனுக்கா, சுத்தம் பண்ணினதுக்கா? சமையல் கூலி தனியா? தராசில் வெறும் தட்டை வைத்தால் பூஜ்யம் காட்டுதா என்று பாருங்க. கடைகளில் மீனுக்கு மேலே மஞ்சள் பல்பு தொங்கும். அந்த வெளிச்சத்தில் பழைய மீனின் செவுளும் சிவப்பாய்த்தான் தெரியும். செவுளைத் தூக்கச் சொல்லி, போன் டார்ச்சை அடித்துப் பாருங்க. முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கேள்வி: ஜூலையில் தடைக்காலமாச்சே, கோவளத்தில் பழைய மீன்தானே கிடைக்கும்?
– வாசகர், பாறசாலை

பதில்: கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை, 52 நாள் தடை இழுவலை விசைப்படகுகளுக்குத்தான், வள்ளம் என்கிற நாட்டுப் படகுகளுக்கு இல்லை. கோவளத்தை ஒட்டியிருக்கும் விழிஞ்ஞத்துக்கு மழைக்காலம்தான் சீசனே. மற்ற கரைகளில் அலை அடித்து வள்ளம் இறக்க முடியாதபோது, துறைமுகத்தின் மறைவை நம்பிப் பக்கத்து ஊர்க்காரர்களும் இங்கே வந்துதான் தொழிலுக்குப் போவார்கள். கணவாயும் கிளிமீனும் நல்ல வரத்து இருக்கும். தாராளமாய்ப் போங்க. கடலில் மட்டும் கால் வைக்காதீங்க.

கேள்வி: நாமே கவுண்டரில் போய் எடுத்துச் சாப்பிட்டதுக்கு சர்வீஸ் சார்ஜா?
– வாசகர், களியக்காவிளை

பதில்: எடுத்துக்கொடுக்க ஆளே இல்லாத இடத்தில் அது என்ன சார்ஜோ! கேட்காமலே அதைப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லியாச்சு. எடுக்கச் சொல்லுங்க, மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்க. ஜிஎஸ்டி வேறே கதை, அதைக் கட்டித்தான் ஆகணும்.