ஸ்டெம் செல் தானம்: காட்பாடி அக்காவிடம் கேட்டவை

ரத்த வங்கியில் 22 வருஷம் டெக்னீஷியனாக இருந்து ரிட்டையர் ஆனவள் நான். ரத்தப் புற்றுநோய் போன்ற நோய் வந்தவருக்கு, ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களை இன்னொருவர் தருவதுதான் இந்தத் தானம். இந்த வாரம் வந்த கேள்விகளுக்குப் பதில் கீழே.

குடியாத்தம் கல்லூரி மாணவர்: அக்கா, முதுகெலும்பில் ஊசி குத்தி எடுப்பாங்களாமே? அம்மா பயப்படுறாங்க.

முதுகெலும்புப் பக்கமே போக மாட்டார்கள் தம்பி. தானம் தர விரும்புவோர் பட்டியலில் பதிவு செய்ய, கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுப்பதோடு சரி. யாருக்காவது பொருந்தினால்தான் கூப்பிடுவார்கள். ஐந்து நாள் தோலுக்கடியில் ஊசி. எலும்புக்குள், மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்கள் ரத்தத்துக்கு வரும். பிறகு ஒரு கையிலிருந்து ரத்தம் மெஷினுக்குப் போய், செல்லை மட்டும் பிரித்துக்கொண்டு, மறு கை வழியாகத் திரும்பும். மூன்று நான்கு மணி நேரம். ஊசி போடும் நாட்களில் காய்ச்சலுக்கு வருவதுபோல உடம்பு வலிக்கும், மறைக்க மாட்டேன். சில சமயம் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்தும் எடுப்பார்கள்.

ஆற்காடு: நான் ஓ பாசிட்டிவ். எல்லாருக்கும் கொடுக்கலாமா?

ரத்த குரூப்புக்கு இங்கே வேலையில்லை, பார்ப்பது எச்.எல்.ஏ. என்ற மரபணு அடையாளம். குரூப் வேறாக இருந்தால், போகப்போக நோயாளியின் குரூப்பே கொடுத்தவருடையதாக மாறிவிடும்!

வாலாஜா: கூடப் பிறந்தவங்க இருக்கும்போது வெளியாள் எதுக்கு?

கூடப் பிறந்த ஒருவர் முழுசாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். இப்போது வீட்டுக்கு ஒரு பிள்ளை, கணக்கே முடிந்தது. நம் பக்கம் மாமன் மகள், அக்கா மகள் கட்டும் குடும்பங்களில் பெற்றவர்களோ சித்தி பிள்ளைகளோ பொருந்துவதும் உண்டு. டாக்டரிடம் உறவுமுறையை ஒளிக்காமல் சொல்லுங்கள். பாதிப் பொருத்தத்திலும் மாற்று சிகிச்சை செய்கிறார்கள், அது டாக்டர் முடிவு.

ஆம்பூர்: உலகத்துல கோடிக்கணக்கான பேர் பதிஞ்சிருக்காங்களே, எங்க தெருக்காரங்க சேர்ந்து என்ன ஆகப்போகுது?

நாலு கோடிக்கு மேல் இருக்கிறார்கள், பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். எச்.எல்.ஏ. வம்சத்தோடு வருவது. அமெரிக்கப் பதிவேட்டிலேயே வெள்ளையருக்குப் பொருத்தம் கிடைக்க 79 சதவீத வாய்ப்பு, கறுப்பினத்தவருக்கு 29தான். நாமோ தலைமுறை தலைமுறையாக அவரவர் சமூகத்துக்குள்ளேயே சம்பந்தம் செய்தவர்கள். உருது பேசும் உங்கள் தெரு, தெலுங்கு பேசும் நெசவாளர் வீடுகள், ஜவ்வாது மலை மக்கள் என ஒவ்வொருவருக்கும் பொருத்தம் அவரவர் பக்கத்தில் கிடைக்கத்தான் வாய்ப்பு அதிகம். பதிவு முகாம் போடுவதோ கல்லூரிகளில்தான், எனக்கு அதில் கோபமுண்டு. ஒருமுறை ஜமுனாமரத்தூர் பக்கம் போனபோது ஒரு பாட்டி, "கன்னத்த தேச்சா போதுமா? ரத்தம் வேணாமா?" என்று கேட்டுவிட்டு, பலாமரத்தில் ஏறியிருந்த பேரனை இறங்கச் சொல்லிக் கூட்டிவந்தாள். அங்கே சிக்னல் கிடைக்காது. இரண்டு போன் நம்பர் எழுதி வாங்கினோம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986-லேயே எலும்பு மஜ்ஜை மாற்று தொடங்கிவிட்டது. கொடுக்க ஆள்தான் பற்றவில்லை.

காட்பாடி: வீட்டுக்காரர் பதிஞ்சிருக்கார். கூப்பிட்டா அனுப்ப மாட்டேன்னு மாமியார் சொல்றாங்க.

கட்டாயமில்லை அம்மா, ஆனால் வேண்டாம் என்பதை முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். மாற்றுக்கு முன் நோயாளியின் சொந்த மஜ்ஜையை மருந்தால் அழித்துவிடுவார்கள். அப்புறம் பின்வாங்கினால் அந்த உயிர் போகும். தேதி குறித்த பிறகு தாத்தா பேச்சைக் கேட்டு விலகிய ஒரு பையனைத் தெரியும். நல்லவேளை, மருந்து தொடங்கவில்லை. மாமியாரை ஒருநாள் என்னிடம் கூட்டி வாருங்கள், காபி போட்டுப் பேசுகிறேன்.

ராணிப்பேட்டை: எனக்கு 52. பதியலாமா?

சென்னையில் 2009-ல் தொடங்கிய தாத்ரி என்ற ஸ்டெம் செல் தானம் செய்வோர் பதிவேட்டில் 18 முதல் 50 வரைதான். உங்கள் பையனை அனுப்புங்கள் சார்.