மீன் உடம்பில் குடியிருக்கும் பாக்டீரியா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: தொட்டி மீனின் வாயைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு போல இருக்கிறது. பூஞ்சை மருந்து ஊற்றியும் குறையவில்லையே?

பதில்: அது காலம்னாரிஸ் நோயாக இருக்கலாம். காரணம் பூஞ்சையல்ல, ஃபிளேவோபாக்டீரியம் காலம்னேரே என்ற பாக்டீரியா. பூஞ்சை இழை இழையாக நீண்டு தண்ணீரில் ஆடும். இது குட்டையாகத் தோலோடு ஒட்டியிருக்கும், ஓரம் லேசாக மஞ்சளடிக்கும். முதுகுத் துடுப்பைச் சுற்றிச் சேணம் போட்டதுபோல் வெளுத்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

வெண்புள்ளி நோய்க்குச் செய்வதுபோல் ஹீட்டரைக் கூட்டிவிடாதீர்கள். சூட்டில் இது மளமளவென்று பெருகும். வீரியமான ரகமாக இருந்தால் ஓரிரு நாளில் மீன் செத்துப்போகும். நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, அந்த இனம் தாங்குமென்றால் வெப்பத்தை மெதுவாக 24 டிகிரி செல்சியஸுக்கு இறக்குங்கள். லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் கல்லுப்பைத் தனியே கரைத்து, சில மணி நேர இடைவெளி விட்டுப் பிரித்து ஊற்றுங்கள். பாக்டீரியா தோலில் ஒட்டுவதை உப்பு தடுக்கும். கெளுத்தி வகைகளுக்குப் பாதி அளவே போதும். செவுளிலும் நோய் பிடித்திருக்கக்கூடும் என்பதால் காற்றுக்கல் நிற்காமல் ஓட வேண்டும். வலையும் வாளியும் தனி. ஆன்டிபயாடிக் வேண்டுமா என்பதை மீன் மருத்துவர் சொல்லட்டும்.

கேள்வி: நன்றாக நீந்தும் மீனிலும் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா இருப்பதாகப் பரிசோதனையில் வந்தது. ஒழிப்பது எப்படி?

பதில்: ஒழிக்க முடியாது, வேண்டியதும் இல்லை. நன்னீரிலும் மீனின் குடலிலும் தோலிலும் அது சாதாரணமாக வாழ்வதுதான். வழவழப்புப் படலம் உரிந்தாலோ, அம்மோனியா ஏறினாலோ, நெரிசல் கூடினாலோதான் புண்ணாக வெடிக்கும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரக்கையால் மட்டும் மீனைத் தொடுங்கள்.

கேள்வி: மீன் குடலில் உள்ள பாக்டீரியாவால் ஏதாவது நன்மை உண்டா?

பதில்: உண்டு. கெண்டை போன்ற பல நன்னீர் மீன்களின் குடலில் வாழும் சீட்டோபாக்டீரியம் வைட்டமின் பி12 தயாரிக்கிறது. “எதற்கும் இருக்கட்டும்” என்று தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலந்தால் முதல் அடி இதன் மேல்தான் விழும்.

கேள்வி: தொட்டி கழுவிய பிறகு விரலில் வந்த கட்டி ஆறவே இல்லை.

பதில்: தோல் மருத்துவரிடம் போங்கள், தொட்டி கழுவியதை மறக்காமல் சொல்லுங்கள். மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற பாக்டீரியா கீறல் வழியே நுழைந்து, பெரும்பாலும் 2 முதல் 4 வாரம் கழித்தே கட்டியாகும். 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில்தான் நன்றாக வளரும் என்பதால், மாதிரியை வழக்கமான 37 டிகிரியில் வைக்கும் ஆய்வகத்தில் அகப்படாமல் போகலாம். சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். கையில் கீறல் இருந்தால் கையுறை இல்லாமல் தொட்டிக்குள் கை விடாதீர்கள்.