கணினியில் ஏற்றும் முன் ஸ்பேஸ் டிரஸ்ஸுக்குக் கையால் அளவு போட முடியுமா?

தாராளமாக முடியும். ஸ்பேஸ் டிரஸ் என்பது மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு எஃகுக் குழாய்களைச் சாய்வுக் குழாய்களால் (டயகனல்) இணைத்த கூரைச் சட்டகம். நூற்றுக்கணக்கான குழாய்களாகப் பார்க்காமல், மொத்தத்தையும் ஒரே ஸ்லாபாகப் பாருங்கள். அதில் வரும் மொமென்டை (வளைக்கும் விளைவை) இரண்டு அடுக்குகளுக்கும் இடையிலான ஆழத்தால் வகுத்தால் மேலடுக்கின் அமுக்கமும் கீழடுக்கின் இழுவையும் வந்துவிடும்.

30 மீட்டர் சதுரக் கூரை, நான்கு ஓரமும் தாங்கல், சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன் என்று வைப்போம். ஆழம் 2 மீட்டர் (நீளத்தில் 15-ல் ஒரு பங்கு), குழாய்களின் இடைவெளி (கட்டம்) 2.5 மீட்டர். நடு மொமென்டுக்கு, சுமையை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி 13-ஆல் வகுப்பேன். கான்கிரீட் ஸ்லாபுக்கு வரும் மொமென்ட் இதைவிட மிகக் குறைவு. ஆனால் ஸ்லாபுக்கு இருக்கும் முறுக்கு விறைப்பை டிரஸ்ஸிடம் நம்பிக் கேட்க முடியாது. மீட்டர் அகலத்துக்கு 104 கிலோநியூட்டன்-மீட்டர் வருகிறது. 2.5-ஆல் பெருக்கி 2-ஆல் வகுத்தால் குழாய்க்கு 130 கிலோநியூட்டன். தகைவு (சதுர மி.மீ.க்கு வரும் விசை) 100 நியூட்டன் என்றால் 1300 சதுர மி.மீ. குறுக்குவெட்டு வேண்டும். 88.9 மி.மீ. விட்டம், 4.8 மி.மீ. தடிப்புள்ள குழாய் கிட்டத்தட்ட அதைத் தரும். ஆரம்பிக்க இது போதும்.

அதே கூரையை நான்கு மூலைத் தூண்களில் நிறுத்தினால் கதையே வேறு. "சுமை இரண்டு திசைக்கும் பிரிகிறதே, பாதி போதாதா?" என்று பலரும் கேட்பார்கள். போதாது. ஒவ்வொரு திசையிலும் முழுச் சுமைக்கான மொமென்ட், அதாவது 8-ஆல் வகுத்தது, வந்தே தீரும். தூண்மேல் நிற்கும் கான்கிரீட் தளங்களுக்கு நிக்கோல்ஸ் என்ற பொறியாளர் 1914-லேயே வெறும் சமநிலைக் கணக்கால் இதைக் காட்டிவிட்டார். இங்கே சராசரியே 169. ஓரங்களில் இன்னும் கூடும். அப்புறம், ஒவ்வொரு தூணுக்கும் போகும் சுமார் 340 கிலோநியூட்டனையும் தூண் தலையில் சேரும் சில டயகனல்கள்தான் சுமக்கும். அவற்றுக்குத் தனியாக அளவு போடுங்கள்.

ஓரத் தாங்கல் கூரைக்குத் தொய்வையும் பார்த்துவிடுங்கள். 100 நியூட்டன் தகைவுக்கு எஃகின் திரிபு (நீளம் மாறும் விகிதம்) 0.0005. இரண்டு அடுக்கின் திரிபையும் கூட்டி, ஆழத்தால் வகுத்து, நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 10-ஆல் வகுத்தால் 45 மி.மீ. இந்த ஒரு நிமிடக் கணக்கைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாக மதிக்கிறேன். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் அரங்கில் கட்டும்போதே தொய்வு கணினி சொன்னதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு இருந்தது; பொறியாளர்கள் பொருட்படுத்தவில்லை. 1978 ஜனவரி 18 அதிகாலை பனிச்சுமையில் கூரை விழுந்தது. மேலடுக்கு உறுப்புகளுக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு போதவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆயிரக்கணக்கான பார்வையாளர்கள் சில மணி நேரம் முன்புதான் வெளியேறியிருந்தார்கள்.

உங்கள் மென்பொருள் 45-க்குப் பதில் 20 அல்லது 90 காட்டினால், குழாய் அளவை மாற்றும் முன் தாங்கல்களை எப்படிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்.