பின்னல் கேள்வி பதில்: நெற்றியில் கோடு போடும் குல்லா

கேள்வி: அம்மா, பேரனுக்கு உல்லன் குல்லா பின்னினேன். பத்தாம் நம்பர் ஊசி, ரெண்டு நிட் (நேர்க் கண்ணி), ரெண்டு பர்ல் (எதிர்க் கண்ணி) என்று மாறி மாறி ரிப் (வரிவரியான பின்னல்). ரிப் ரப்பர் மாதிரி விரிகிறது. ஆரம்பித்த விளிம்பு மட்டும் அசையவே மாட்டேன் என்கிறது. கழற்றினால் குழந்தை நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு! எந்த முறையில் கண்ணி ஏற்றினால் (ஊசியில் முதல் கண்ணிகளைப் போட்டால்) விளிம்பு இழுபடும்? ரெண்டு ஊசியைச் சேர்த்துப் பிடித்து ஏற்றச் சொல்கிறாள் பக்கத்து வீட்டுத் தோழி.
(வாசகி, கொடைக்கானல்)

பதில்: தோழி சொன்னதை நானும் பல வருஷம் செய்தேன். என் பையன் ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேல் ஏற்றிவிட்டபோது மணிக்கட்டு விளிம்பு பட்டென்று அறுந்தது. அன்றுதான் உட்கார்ந்து யோசித்தேன். ரெண்டு ஊசியில் ஏற்றினால் கண்ணி உயரமாகும், அவ்வளவுதான். கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவே அடியில் ஓடும் நூல் நீளுவதில்லை. விளிம்பு இழுபட அந்த நூல் வேண்டும். அதனால் ஒரே ஊசியில் ஏற்றுங்கள். ஏற்றிய கண்ணியை வலது சுட்டுவிரல் நுனியால் ஊசியோடு அழுத்திக்கொண்டு, கொஞ்சம் இடம் விட்டு அடுத்ததை இறுக்குங்கள். வால் நூல் (உருண்டையிலிருந்து நீளமாக விட்ட நுனி) வைத்து ஏற்றும் வழக்கமான முறையிலேயே பாதிப் பிரச்சினை இதில் தீரும்.

மீதிப் பாதிக்கு நான் சொல்வது ஜெர்மன் முறை; பழைய நார்வே முறை என்றும் சொல்வார்கள். பிடி அதேதான்: வால் நூல் கட்டைவிரலில், உருண்டை நூல் சுட்டுவிரலில். ஊசியை கட்டைவிரலில் இருக்கும் ரெண்டு இழைக்கும் அடியில் விட்டு, மேலிருந்து நடுவில் இறக்கி, உள் இழையை உங்கள் பக்கம் இழுங்கள். கட்டைவிரல் நூல் பெருக்கல் குறி போலப் பின்னிக்கொள்ளும். இப்போது சுட்டுவிரல் நூலைக் கோர்த்து, கட்டைவிரலை லேசாக மடக்கினால் வளையம் திறக்கும். அதன் வழியே வெளியே எடுங்கள். அந்த ஒரு முறுக்கில் ஒளிந்திருக்கும் நூல்தான், தலையில் மாட்டும்போது நீண்டு கொடுக்கிறது. முதல் பத்து கண்ணிக்குக் கை குழம்பும், அப்புறம் தானாக வரும். வால் நூலை மட்டும் தாராளமாக விடுங்கள். அகலத்தைப் போல மூன்று மடங்கு விட்டு, கடைசி ஆறு கண்ணிக்கு நூலில்லாமல் எல்லாவற்றையும் பிரித்தவள் நான். இந்த முறைக்கு நாலு மடங்கு.

கடை ஸ்வெட்டர் மாதிரி, விளிம்பே தெரியாமல் உருண்டு வர வேண்டும் என்றால் ட்யூபுலர் (குழாய் விளிம்பு) முறை. அழகில் அதற்கு ஈடில்லை, நன்றாகவும் விரியும். ஆனால் அது ஒரு நிட், ஒரு பர்ல் ரிப்புக்கே நேராகப் பொருந்தும்; உங்கள் ரிப்புக்குக் கண்ணிகளை இடம் மாற்ற வேண்டும். ஆரம்ப வரிசைகளை மெல்லிய பன்னிரண்டாம் நம்பர் ஊசியில் (நம்பர் கூடினால் ஊசி மெலியும்) போடாவிட்டால் பாவாடைக் கொசுவம் போல அலையும். ஆறே மாதத்தில் சின்னதாகிவிடும் குல்லாவுக்கு இவ்வளவு பாடு எதற்கு?

கேபிள் முறையை (ரெண்டு கண்ணிக்கு நடுவே நூலை இழுத்து அடுத்த கண்ணி ஏற்றுவது) ரிப்புக்குத் தொடவே வேண்டாம். கயிறு போல நிற்கும். பொத்தான் துளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பின்னிய குல்லாவைப் பிரிக்காதீர்கள். பின்பக்கம் தைத்திருந்தால் அடியில் ஒரு விரலளவு பிரித்துக்கொள்ளுங்கள். விளிம்பிலிருந்து மூன்றாம் வரிசையில், ஒவ்வொரு கண்ணியின் வலது காலையும் பன்னிரண்டாம் நம்பர் ஊசியில் கோருங்கள். எண்ணிக்கை சரியா என்று ரெண்டு தடவை எண்ணுங்கள். அப்புறம் இரண்டாம் வரிசையில் ஓரமாக ஒரு கண்ணியை வெட்டி, நூலைக் கண்ணி கண்ணியாக உருவுங்கள். ரிப் என்பதால் ஒரே இழுப்பில் வராது, பொறுமை வேண்டும். இறுகிய விளிம்பு ரிப்பன் மாதிரி தனியாகக் கழன்று வரும். மிச்ச நூலை இணைத்து, வலது கையில் தடித்த எட்டாம் நம்பர் ஊசி எடுத்து மூடுங்கள் (கண்ணிகளைப் பின்னி முடியுங்கள்): ரெண்டு நிட் போட்டு, இடது ஊசியை அந்த ரெண்டுக்கும் முன்பக்கமாக நுழைத்து, பின்பக்கமாகச் சேர்த்து ஒரே நிட். அடுத்து ஒரு நிட், மறுபடி ரெண்டையும் சேர்த்து ஒன்று. கை இறுகாமல் போங்கள். பத்து கண்ணி மூடியதும் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். மேலே ரிப் விரியும் அளவுக்கு அதுவும் விரிந்தால் மீதியை முடித்துவிடலாம்.