சாயங்கால டியூஷனும் ஐந்து மணிப் பசியும்: வாசகர் கேள்வி பதில்

கொருக்குப்பேட்டையில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். மூன்றாவதிலிருந்து எட்டாவது வரை 30 பிள்ளைகள். வரும்போதே கையில் பஜ்ஜி, குழல் அப்பளம், சிப்ஸ் பாக்கெட். நானே சுண்டல் கொடுக்கலாம் என்று ஆரம்பித்தேன். ஒருநாள் கடலை வேகவே இல்லை, இன்னொரு நாள் ஊசிப்போய்விட்டது. ஆறரை மணி இடைவேளையில் கொடுத்தாலும் பாதிப் பேர் தொடுவதில்லை.
வாசகி, கொருக்குப்பேட்டை

பஜ்ஜியைத் திட்டிப் பயனில்லை. மத்தியானம் பள்ளியில் பன்னிரண்டரைக்கும் ஒன்றுக்கும் நடுவில் சாப்பிட்ட பிள்ளைக்கு ஐந்து மணிக்குப் பசிக்கத்தான் செய்யும். அந்த நேரத்தில் எது கைக்கு எட்டுகிறதோ அதுதான் வயிற்றுக்குப் போகும். ஆறரை மணிக்கு நீங்கள் கிண்ணத்தை நீட்டும்போது பஜ்ஜி உள்ளே போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கழுவியதும் சுண்டல் கையில் இருக்கட்டும். "இங்கே வந்தால் உடனே கிடைக்கும்" என்று தெரிந்துவிட்டால் கடை வாசலில் கால் நிற்பது மெல்லக் குறையும்.

அளவு: காய்ந்த கருப்புக் கொண்டைக்கடலை தலைக்கு 30 கிராம், உங்களுக்கு 900 கிராம். வெந்தால் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் வரும். ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம், அதில் சுமார் 6 கிராம் புரதம். தாளிக்க மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், மொத்தத்துக்கும் தலை தட்டி மூன்று டீஸ்பூன் உப்பு. இதற்கு மேல் வேண்டாம்.

வேகாததற்குத் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். சோப்பு நுரைக்காத போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அது கடலையின் தோலை இறுக்கிவிடும், எத்தனை விசில் விட்டாலும் நறுக்கென்றுதான் இருக்கும். ஊறவைக்கவும் வேகவைக்கவும் மெட்ரோ தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுங்கள். எட்டு மணி நேரம் ஊறியும் உப்பாமல் சுருங்கியே கிடந்தால் அது பழைய சரக்கு, கடையை மாற்றுங்கள். மாங்காய், எலுமிச்சை எல்லாம் வெந்த பிறகுதான். புளிப்பில் கடலை மசியாது. சோடா உப்பு போட்டால் சீக்கிரம் வெந்துவிடும், உண்மைதான். ஆனால் கூழாகிவிடும், பி வைட்டமினும் வீணாகும்.

ஊசிப்போவதற்கு நம் ஊர் வெக்கை போதும். ராத்திரி பத்து மணிக்கு ஊறப்போட்டு மறுநாள் நாலு மணிக்கு அடுப்பில் வைத்தால் இடையில் 18 மணி நேரம். மேலே நுரை கட்டி நாறத் தொடங்கியிருக்கும். காலை ஏழு, எட்டு மணிக்கு ஊறப்போடுங்கள். சித்திரை, வைகாசியில் மத்தியானம் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். விரலால் நசுக்கினால் மாவாக மசியும் பதம் வந்ததும் நீரை வடித்துத் தாளியுங்கள். தேங்காய்த் துருவலைச் சூட்டோடு கலந்து மூடி வைப்பதுதான் பலர் செய்யும் தப்பு. ஆவி வியர்த்துத் தேங்காய் முதலில் கெடும், அது கடலையையும் கெடுக்கும். பரிமாறும்போது தூவுங்கள், அல்லது பொடியாக நறுக்கிய மாங்காயோடு நிறுத்துங்கள். சமைத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். மீந்ததை நாளைக்கு எடுத்து வைப்பது கூடவே கூடாது.

ஐந்து நாளும் சுண்டலே என்றால் ஓடிவிடுவார்கள். நடுவில் அவித்த சர்க்கரைவள்ளி, கேழ்வரகு அடை, வாழைப்பழம், அவித்த வேர்க்கடலை என்று மாற்றுங்கள். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை உண்டா என்று வீட்டில் முன்பே கேட்டுவிடுங்கள். அக்கா கையைப் பிடித்துக்கொண்டு வரும் நண்டு சிண்டுகளுக்கு, ஐந்து வயதுக்குள் இருந்தால், முழுக் கடலை தர வேண்டாம். தொண்டையில் அடைக்கும், மசித்துக் கொடுங்கள்.

கூடவே டீ கொடுக்காதீர்கள். கடலையிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள டீ விடாது. எலுமிச்சை பிழிந்தால் உதவும். கூல்டிரிங்க்ஸ் 200 மில்லியில் ஏறத்தாழ 20 கிராம் சர்க்கரை, அதாவது நாலைந்து டீஸ்பூன். காய்ச்சி ஆறிய தண்ணீர்ப் பானையும் டம்ளர்களும் போதும்.

எங்கள் சென்டரில் தினமும் அரை மணி நேரம் விளையாட்டு. மைதானம் இல்லை, பைக் நிற்கும் சந்துதான். பையன்கள் பந்தைப் பிடுங்கிக்கொள்கிறார்கள், பெண் பிள்ளைகள் சுவரோரம் நிற்கிறார்கள்.
தன்னார்வலர், வியாசர்பாடி

கால்பந்துக்குப் பேர்போன இடத்தில் பந்தை எடுத்து வைக்கச் சொன்னால் எங்களை அடிக்க வருவீர்கள். ஆனால் ஆறடிச் சந்தில் ஒரு பந்து என்றால் இரண்டு பேர் ஓடுவார்கள், பதினெட்டுப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். ஐந்திலிருந்து 17 வயது வரை தினம் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் அரை மணி அதில் பாதி. ஆகவே எத்தனை பேர் ஒரே நேரத்தில் அசைகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்கிப்பிங் கயிறு நல்ல வழி. மெல்லிய நைலான் கயிறு காற்றில் அலையும். சுண்டுவிரல் தடிமனுள்ள பருத்திக் கயிறு கனத்தால் தானாகச் சுழலும். நடுவில் மிதித்து நின்றால் இரு முனையும் அக்குள் வரை வர வேண்டும். அதைவிட நீளமானால் காலில் சிக்கும். இருவருக்கு ஒரு கயிறு: ஒருவர் 20 எண்ணும்வரை குதிக்க, மற்றவர் எண்ணட்டும், பிறகு மாற்றம். இப்படி எட்டுச் சுற்று. பக்கத்திலேயே சாக்பீஸால் இரண்டு பாண்டிக் கட்டம்.

"அவுட்" ஆனவரை உட்காரவைக்கும் ஆட்டங்களில் ஒரு கோளாறு உண்டு. ஓட முடியாத பிள்ளைதான் முதலில் அவுட். யாருக்கு அசைவு அதிகம் தேவையோ அவர்தான் அதிக நேரம் உட்கார்ந்திருப்பார். அவுட்டானால் பத்துக் குதி, மறுபடி உள்ளே என்று விதியை மாற்றுங்கள். பெண் பிள்ளைகளிடம் என்ன ஆட்டம் வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். வாரத்தில் இரண்டு நாள் பந்து அவர்களுக்கு மட்டும் என்று வையுங்கள். துப்பட்டாவை முடிந்துகொள்ள ஒரு பின் போதும், கூட ஆட ஓர் அக்காவும் இருந்தால் பாதித் தயக்கம் போய்விடும்.

மொட்டை மாடி என்றால் கைப்பிடிச் சுவர் பிள்ளைகளின் நெஞ்சுக்கு மேல் இருக்க வேண்டும். துரத்திப் பிடிக்கும் ஆட்டம் அங்கே வேண்டவே வேண்டாம். வெயில் காலத்தில் ஐந்தரைக்கு முன் ஆரம்பிக்காதீர்கள். காற்றில் கம்பெனிப் புகை நெடி அடிக்கும் நாளில் உள்ளேயே கேரம் போர்டு.

நேரத்தை இப்படி வையுங்கள்: ஐந்து மணிக்குத் தின்பண்டம், ஐந்தரை வரை டைரி பார்ப்பது, பிறகு அரை மணி விளையாட்டு, ஆறுக்குப் பாடம். கடைசியில் வைத்த விளையாட்டைப் பரீட்சை வந்ததும் முதலில் வெட்டிவிடுவீர்கள்.

என் மகளுக்கு 13 வயது. கொஞ்சம் குதித்தாலும் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறாள். சோம்பேறி என்கிறார்கள்.
தாய், காசிமேடு

முதலில் ரத்தத்தைப் பாருங்கள். இந்த வயதில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதிக்கலாம். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரையை, வயிற்றைப் பிரட்டுகிறது என்று பிள்ளைகள் பையிலேயே வைத்துவிடுவதுண்டு. அது இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தது. சாப்பிட்ட பின் விழுங்கினால் பிரட்டல் குறையும். பூச்சி மாத்திரையையும் தவறவிடாதீர்கள். மூச்சு வாங்குவதோடு நெஞ்சு வலி, மயக்கம் இருந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

தப்பாகச் சொன்னால் ஐம்பது தோப்புக்கரணம், சரியாகச் சொன்னால் சாக்லேட். சரிதானா?
ஆசிரியர், திருவொற்றியூர்

இரண்டுமே சரியில்லை. உடற்பயிற்சி என்றால் தண்டனை, இனிப்பு என்றால் பரிசு என்று இரண்டையும் ஒரே அடியில் சொல்லிக்கொடுக்கிறீர்கள். ஐம்பது போட்ட பிள்ளைக்கு மறுநாள் தொடை பிடித்துக்கொள்ளும், விளையாட வராது. சரியாகச் சொன்னவருக்கு அன்றைய ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுத்துப் பாருங்கள். தப்பாகச் சொன்னவரும் அதே ஆட்டத்தை ஆடட்டும்.