எல்.இ.டி. ஏன் கருகுகிறது?

கேள்வி: எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் மன்றம் நடத்துகிறோம். 9 வோல்ட் பேட்டரியில் இணைத்ததும் எல்.இ.டி. கருகிவிடுகிறது. மாணவிகளோ நோட்டில் எழுதுவதோடு ஒதுங்கிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: சிவப்பு எல்.இ.டி.க்குச் சுமார் 2 வோல்ட் போதும். மீதி 7 வோல்ட்டை, அதோடு தொடராக இணைக்கும் ரெசிஸ்டர் (மின்தடை) தான் தாங்க வேண்டும்; அது இல்லாவிட்டால் மின்னோட்டம் கூடிக் கருகிவிடும். 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்துக்குக் கணக்குப்படி (7 ÷ 0.02) 350 ஓம். 470 ஓம் போட்டால் கவலையில்லை. எல்.இ.டி.யின் நீளக் கால் பேட்டரியின் நேர்முனைப் பக்கம். எரியாவிட்டால் முதலில் திருப்பிப் போட்டுப் பாருங்கள், பாதி நேரம் அதுதான் காரணம்.

அடுத்தது, மாணவிகள் ஒதுங்குவது. குழு பெரிதாக இருக்கலாம். ஐந்து பேருக்கு ஒரே பேட்டரி என்றால் முந்துகிறவர் கைக்கே ஒயர் போகும். இருவருக்கு ஒன்று கொடுங்கள். எரிந்ததும் முழுவதையும் கழற்றி, எழுதியவரை இணைக்கச் சொல்லுங்கள். வானவில் மன்றக் கருத்தாளர் (அரசுப் பள்ளிகளுக்கு வந்து அறிவியல், கணிதச் சோதனைகளைச் செய்துகாட்டுபவர்) வரும் நாளிலும் இதையே கேட்டுக்கொள்ளலாம்.