24 மணி நேரத்தில் பொன்னியின் செல்வனா?

போன 24 மணி நேர வாசிப்பு மாரத்தானில் பொன்னியின் செல்வனின் இரண்டாம் பாகத்திலேயே தூங்கிவிட்டேன், இந்த முறை ஐந்து பாகத்தையும் முடிக்க வழி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தூக்கத்தின் மேல் பழி போடாதீர்கள், கணக்கே இடிக்கிறது. மொத்தம் 293 அத்தியாயங்கள். கண்ணை மூடாமல் 24 மணி நேரம் படித்தாலும் ஓர் அத்தியாயத்துக்கு ஐந்து நிமிடம்கூட வராது. கடைசிப் பாகம் மட்டுமே 91 அத்தியாயம்!

பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த கதை. அடுத்த வாரம் வரை வாசகரைக் காக்க வைக்கத்தான் அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு கொக்கி. ஒரே மூச்சில் படித்தால் அந்தக் கொக்கிகளே சலித்துவிடும். எனக்கென்னவோ இரண்டாம் பாகத்தில் உங்களைத் தூங்க வைத்தது அதுதான்.

அதனால் முதல் பாகமான ‘புது வெள்ள’த்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 57 அத்தியாயம், பகலுக்குத் தாராளம். பத்துப் பன்னிரண்டு அத்தியாயத்துக்கு ஒருமுறை நிறுத்திவிட்டுப் புதுமைப்பித்தன் சிறுகதை ஒன்று படியுங்கள். தமிழ் நூல்களை மின்னூலாகத் தரும் மதுரைத் திட்டம் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நள்ளிரவுக்கு ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ வைத்துக்கொள்ளுங்கள், சிரிப்பில் தூக்கம் கலையும். ‘செல்லம்மாள்’ மட்டும் அந்த நேரத்தில் வேண்டாம், மனது கனத்துவிடும்.

அப்புறம், 2007-இல் இணையத்தில் தொடங்கிய டூயி வாசிப்பு மாரத்தானிலேயே 24 மணி நேரமும் விழித்திருக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. முடிந்தவரை படிக்கலாம். எனவே இரண்டு மணிக்குக் கண் சொருகினால் அலாரம் வைத்துவிட்டுப் படுங்கள். படுக்கையில் சாய்ந்தபடி படிப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.